வேர்த்த கைக்கு எழுதும் பேனை

என் கையெழுத்து அழகானது என்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். வரவேற்பு மடல், பரிசுச் சான்றிதழ் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்த எழுத்து எந்த வகுப்பிலும் எனக்கு வரவில்லை. உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றி மூச்சிரைக்க ஓடிவிட்டு, வேர்த்துக் கொட்டும் கையோடு ஒரு தோல் துண்டில் என் பெயரை எழுதி எழுதியே வந்தது. ஓட வைத்தவர் என் அண்ணை.

அண்ணைக்கு அப்போது மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. எனக்கு விழுந்த முன்பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு விளையாட்டென்றால் பைத்தியம், விளையாடத்தான் வராது. கரப்பந்தை அவர் அடித்தால் அது வலைக்கு மேலால் போகாது, அடுத்த வளவு மாமரத்துக்குப் போகும். வாசிகசாலைப் பெடியள் அவரைப் பந்து பொறுக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதாய் எனக்கு ஞாபகமில்லை. விளையாடுகிறவர்களிடம் கையொப்பம் வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டார்.

அதுவும் கடதாசியில் வாங்க மாட்டார். "கடதாசியிலை ஆரும் வாங்கலாம்" என்பார். வாசிகசாலை கழித்துப்போட்ட ஒரு வெள்ளைக் கரப்பந்து அவரிடம் இருந்தது. மெல்ல மெல்லக் காற்று இறங்கும் பந்து. எங்காவது பெரிய ஆட்டம் நடக்கிறது என்றால் சைக்கிள் பம்பால் அதற்குக் காற்றடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவார்.

முதலில் மாட்டியவர் ஓர் உதைபந்தாட்ட அணித் தலைவர். அண்ணை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் குமிழ்முனைப் பேனையை நீட்டினார். அந்த மனிதரும் பாவம், அழுத்தி அழுத்தி எழுதினார். பந்துத் தோல் மையைப் பிடித்தால்தானே? கடைசியில் மிஞ்சியது ஒரு புள்ளியும் அரைக் கோடும். அண்ணை அதை ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். அப்பா பந்தை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுளம்பு அடிச்ச இடம்போலை கிடக்கு" என்றார்.

அடுத்த முறை ஜெல் பேனை. ஒரு கிரிக்கெட் துடுப்பாட்டக்காரர் பளபளவென்று அழகாகப் போட்டுக் கொடுத்தார். சந்தோசம் தாங்காமல் அண்ணை பந்தை நெஞ்சோடு அணைத்தபடி சைக்கிள் ஓடி வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பந்து வெறுமையாக இருக்கிறது, கையொப்பம் சட்டையில் இருக்கிறது. அவர் அழுவதா சிரிப்பதா என்று நிற்கும்போதே அம்மா சட்டையை வாங்கி ஊறப்போட்டுவிட்டார். அந்தத் துடுப்பாட்டக்காரர் எங்கள் கிணற்றடி வாழைக்குப் பாய்ந்து போனார்.

மூன்றாவது, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய மாக்கர். அதை ஒருவரும் தொடக்கூடாது என்று அலுமாரிக்குள் நிமிர்த்தி வைத்துக் காவல் காத்தார். ஒரு பழம்பெரும் கரப்பந்தாட்டக்காரர் கிடைத்த அன்று மூடியைக் கழற்றினால் முனை காய்ந்து கிடந்தது. அவர் பேனையை உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பிறகு அண்ணையின் தோளில் தட்டி, "பேனை செத்துப்போச்சு தம்பி" என்று துக்கம் விசாரிக்கிறவர்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாரென்றாலும் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டிருப்பார்கள், அல்லது கிரகத்தை நொந்திருப்பார்கள். அண்ணை இரண்டையும் செய்யவில்லை. பேனை ஏன் எழுதவில்லை என்று ஆராயத் தொடங்கினார். இன்றைக்கும் எனக்கு அண்ணையில் மிகவும் பிடித்தது இதுதான். ஏமாந்துபோனால் மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்.

வெடித்த பந்தொன்றிலிருந்து ஒரு தோல் துண்டை வெட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடிப் புத்தகக் கடைகளில் அண்ணையின் தலை தெரிந்தாலே கடைக்காரர்களின் முகம் மாறும். ஒவ்வொரு பேனையாகக் கேட்டு வாங்கி, தோல் துண்டை எடுத்து, "இதிலை எழுதிப் பாக்கலாமே?" என்பார். ஒரு கடைக்காரர் பொறுக்க முடியாமல், "நீர் பேனை வாங்க வந்தனீரோ, செருப்புத் தைக்க வந்தனீரோ?" என்று கேட்டுவிட்டார். அண்ணை சிரித்துக்கொண்டே அடுத்த பேனையைக் கேட்டார்.

கடையில் தேறிய பேனைக்கு வீட்டில்தான் உண்மையான சோதனை. வெயிலில் கொதிக்கும் கிணற்றுக்கட்டில் மத்தியானம் முழுவதும் கிடக்க வேண்டும். விளையாட்டுக்காரர் கைகாலுக்குத் தைலம் பூசுவார்கள் என்பதால் தைலம் தடவிய தோலிலும் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் அம்மாவுக்குத் தலையிடி வந்தால் பூசத் தைலம் இருக்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே வேர்வைச் சோதனை.

"ஆட்டம் முடிஞ்ச கை குளிச்சு வெளிக்கிட்ட கை இல்லை" என்று அண்ணை எனக்கு விளக்கினார். "நீ ஓடு. நான் பேனையைப் பாக்கிறன்."

நான் ஓடுவேன். தலை சுற்றும்வரை கிணற்றைச் சுற்றி ஓடுவேன். கை நன்றாக வேர்த்ததும் அண்ணை பேனையைத் தருவார். பெயரை எழுதுவேன். அவர் உடனே விரலால் தேய்ப்பார், தண்ணீர் தெளிப்பார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு, "சரிவராது" என்று அந்தப் பேனையை ஒதுக்குவார். இப்படி ஒதுங்கிய பேனைகளில்தான் அந்த வருடம் முழுக்க நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

கடைசியில் ஒன்று தேறியது. கறுப்பு மை, மெல்லிய முனை. பார்வைக்கு ஒரு சிறப்புமில்லை. ஆனால் வெயில், தைலம், வேர்வை எதற்கும் அது அசையவில்லை. அண்ணை ஒரு பற்தூரிகைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதில் பேனையைப் படுக்க வைத்தார். "நிமித்தி வைச்சால் மை இறங்கிப்போம். படுத்தபடிதான் கிடக்கவேணும்" என்றார். காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல இடைக்கிடை மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வார். இந்தப் பேனையால் முதலில் யாரிடம் கையொப்பம் வாங்குவது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

ஏழாம் நம்பர்.

பக்கத்து ஊர் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். பெண்கள் கரப்பந்தாட்டத்தில் கொழும்பு வரைக்கும் தெரிவாகியிருந்தார். முதுகில் எப்போதும் ஏழு. அவருடைய படம் பேப்பரில் சின்னதாக ஒருமுறை வந்தது. அண்ணை அதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டினார். துள்ளி எழும்பினால் அவர் கீழே வர மறந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். நான் முதுகில் துவாயைக் கட்டி, அதில் சோக்கால் ஏழு போட்டுக்கொண்டு வளவுக்குள் துள்ளித் திரிந்தேன். அண்ணைக்கு அவர், பந்தில் விழவேண்டிய ஒரு கையொப்பம். எனக்கு அப்படியல்ல, வளர்ந்தால் அவராக வளர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

எங்கள் வாசிகசாலை மைதானத்தில் நடந்த சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் எங்கள் வாசிகசாலை அணிக்கு ஆடுவதாக இருந்தது. மழை பெய்து மைதானம் குளமானதால் ஆட்டம் தள்ளிப்போனது. எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கிடையில் நவராத்திரி வந்தது.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் புத்தகம், கொப்பி, பேனை, பென்சில் எல்லாம் சாமியறைக்குப் போய்விடும். சந்தனம் குங்குமம் வைத்து வெள்ளைத் துணியால் மூடினால், அடுத்த நாள் விசயதசமிப் பூசை முடியும்வரை எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. எனக்கு அதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது. அந்த முறை அண்ணை தன் பற்தூரிகைப் பெட்டியைத் தானே கொண்டுபோய், சரஸ்வதியின் வீணைக்கு நேரே வைத்தார். மூடியைத் திறந்து பேனைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். ஒதுக்கிய பேனைகளையும் விடாமல் பொறுக்கி வைத்தார். வீட்டில் எழுதக்கூடிய ஒரு சாமானும் வெளியே மிஞ்சவில்லை.

மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. மைதானம் காய்ந்துவிட்டதாம், இறுதியாட்டம் இன்றைக்குப் பின்னேரமாம், ஏழாம் நம்பர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போவதால் நாளைக்கு வைக்க முடியாதாம். பூசை நாளில் ஆட்டமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். விளையாடுவது எழுத்தில் சேராது என்று வாசிகசாலைக்காரர் பதில் சொல்லிவிட்டார்கள்.

அண்ணை சாமியறை வாசலில் போய் நின்றார்.

"அம்மா, ஒரே ஒரு பேனை."

"பூசைக்கு வைச்சதை விடியத்தான் எடுக்கிறது."

"அவ இரவுக்குக் கொழும்புக்குப் போறா அம்மா."

"சரஸ்வதி ஒரு இடமும் போகேல்லை. உதிலைதான் இருக்கிறா. அவவோடை கதை."

அண்ணை அப்பாவைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த பேப்பரை அவசரமாக மடித்தார். "வாசிக்கிறதும் இண்டைக்குக் கூடாதெண்டு கொம்மா கண்டுபிடிக்க முந்தி நான் தோட்டத்துக்குப் போறன்" என்று எழும்பிப் போய்விட்டார்.

அம்மா கடலை தாளிக்கக் குசினிக்குள் போன நேரம் சாமியறையில் ஒருவரும் இல்லை. வெள்ளைத் துணியின் ஓரத்தில் பெட்டியின் மூலை தெரிந்தது. அண்ணை கையை நீட்டினார். நான் குசினிப் பக்கம் பார்த்துக் காவல் நின்றேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் பெட்டியைத் தொடாமல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்போது நினைத்தால் அந்த வயதில் அண்ணைக்கு அப்படி ஒரு மனதா என்றிருக்கிறது.

பந்தை என் மடியில் வைத்து, என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் பேனை தேடிப் போனார். எங்கே போனாலும் ஒரே பதில்: "எல்லாம் பூசையிலை கிடக்குத் தம்பி." சந்தியிலிருந்த புத்தகக் கடை பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் பேனைகள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஊர் முழுக்க ஒரே நாளில் எழுத்தை நிறுத்திவிட்டு நிற்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அண்ணை திடீரென்று சைக்கிளைத் திருப்பினார். சேர்ச்சடியில் ஓர் ஓய்வுபெற்ற ரீச்சர் இருந்தார். வேதக்கார வீடு, அவர்களுக்குச் சரஸ்வதி பூசை கிடையாது. விசயத்தைக் கேட்டதும் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலில் சிவப்புப் பேனைகளைக் கொண்டுவந்தார்.

"சிவப்பு வேண்டாம் ரீச்சர், பிழை திருத்தினமாதிரி இருக்கும்."

பிறகு உள்ளே போய் ஒரு பழைய மாக்கரோடு வந்தார். சேர்ச் விருந்துக் கோப்பைகள் களவு போகாமல் அடியில் பெயர் எழுத வைத்திருந்ததாம். கையோடு ஒரு கோப்பையையும் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினார். எத்தனையோ விருந்துக்குக் கழுவித் தேய்த்த கோப்பை. எழுத்து அப்படியே இருந்தது. அண்ணையின் கண் விரிந்தது. ஆனாலும் தோல் துண்டை வெளியே எடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"நீங்கள் எழுதக்கூடாதெண்டால் நான் எழுதுறன்" என்று ரீச்சர் தன் பெயரை எழுதினார். அருமையாக விழுந்தது. அண்ணை தேய்த்தார், போகவில்லை. ஆனால் ரீச்சரின் கை வேர்க்காத கை.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ, ஒருக்கால் கிணத்தைச் சுத்தி..." என்று தொடங்கிய அண்ணை, அவருடைய வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பூசையன்று எழுதினால் படித்ததெல்லாம் போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்குக் கணக்கு ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தது. வேர்வைச் சோதனை செய்யாத பேனையோடுதான் மைதானத்துக்குப் போனோம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்போனால் இன்றைக்கு முடியாது. ஈரம் காயாத செம்மண். ஏழாம் நம்பர் விழுந்து விழுந்து பந்தெடுத்ததில் முழங்காலும் முழங்கையும் சிவந்துபோயின. கடைசிப் புள்ளிகளில் எதிர்ப்பக்கம் இரண்டு பேராக மறித்தும் அவர் அவர்களுக்கு மேலால் அடித்தார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். வென்றதும் எல்லாரும் வெற்றிக் கிண்ணத்தைச் சுற்றிக் கூடினார்கள், வெடி கொளுத்தினார்கள், வாசிகசாலைத் தலைவரைத் தோளில் தூக்கினார்கள். ஏழாம் நம்பர் ஆட்டக்காரர் இருக்கிற மர வாங்கின் ஓரத்தில் தனியே குந்தியிருந்து தண்ணீர் குடித்தார். கிட்டப் போக எல்லாருக்கும் பயம்போல என்று நான் நினைத்தேன்.

அண்ணைக்கும் பயம்தான். இவ்வளவு பாடுபட்டு வந்தவர் ஏழாம் நம்பருக்கு முன்னால் பந்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். நான் பந்தைப் பறித்து நீட்டினேன்.

"அக்கா, இதிலை எழுதித் தாங்கோ."

"என்ன எழுதிறது?"

"உங்கடை கையொப்பம்."

"என்ரையோ?" என்று கேட்டுவிட்டுத் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணையின் கையிலிருந்த மாக்கரைப் பார்த்தார். "இண்டைக்கு எழுதலாமே தம்பி?"

ஏழாம் நம்பர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். "சரி, காலமை சப்பாத்தையும்தான் பூசைக்கு வைச்சனான். எடுத்துப் போட்டுக்கொண்டுதானே விளையாடினனான்" என்று சொல்லிக் கையை உடுப்பில் துடைத்தார்.

பந்தை முழங்காலில் வைத்து, முதலெழுத்து, புள்ளி, பிறகு முழுப்பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கீழே தன் ஊரின் பெயரையும் எழுதினார். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கொம்புகள் நெளிந்திருந்தன. நேர்கோடுகள் எல்லாம் நடுங்கி நடுங்கிப் போயிருந்தன. அண்ணைக்கு உயிரே போய்விட்டது.

"பேனை சரியில்லைப் போலை, அக்கா."

"ஓம், ஓம். பேனைதான்" என்றார் அவர் சட்டென்று. பந்தை எங்களிடம் தந்துவிட்டு, என் கன்னத்தில் செம்மண் ஒட்டத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விசயதசமிப் பூசை முடிந்ததும் அண்ணை செய்த முதல் வேலை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனது. ஓடினேன். வேர்த்த கையால் ரீச்சரின் மாக்கரைப் பிடித்து எழுதினேன். கோடு போட்டதுபோல நேராக எழுதியது. திரும்ப ஓடினேன், திரும்ப எழுதியது. அண்ணை பேனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பூசையண்டு எழுதுவிச்சால் உப்பிடித்தான்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். வேறு விளக்கம் இல்லாததால் நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். அண்ணை அவலும் கடலையும் கட்டிக்கொண்டுபோய் மாக்கரை ரீச்சரிடம் கொடுத்தார். அது சரியாக எழுதவில்லை என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணை இப்போது வவுனியாவில் வேலை, குடும்பம். பந்து எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் காற்றில்லாமல் சப்பிப்போய் இருக்கிறது. கையொப்பம் மட்டும் மங்கவில்லை. பேனை சோதிக்கும் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது; என் கைப்பையில் எப்போதும் ஒரு நல்ல பேனை படுத்தபடி கிடக்கும்.

போன தவணை எங்கள் பள்ளிக்கூடத்துக் கரப்பந்தாட்ட இறுதிப்போட்டிக்கு ஏழாம் நம்பர் பிரதம விருந்தினராக வந்தார். இப்போது பயிற்றுநர், தலையில் அங்கங்கே நரை. என்னை அவருக்குத் தெரியாது. பரிசளிப்பு முடிந்ததும் பிள்ளைகள் சட்டைக் கையையும் பந்தையும் நீட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள். நான் என் பேனையைக் கொடுத்தேன். கதைத்துக்கொண்டே, பார்க்காமலே, ஒரே இழுப்பில் போட்டார். முடிவில் ஏழின் வால்போல ஒரு சுழிப்பு. எங்கள் பந்தில் இருக்கும் எழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கூட்டத்துக்கு வெளியே, அன்றைக்கு நன்றாக ஆடிய பிள்ளை தனியே நின்றாள். ஏழாம் நம்பர் அவளைக் கூப்பிட்டார். நிகழ்ச்சி நிரலைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைக் காட்டி, "நீர் எனக்கு ஒரு கையொப்பம் போட்டுத் தாரும் பிள்ளை" என்றார்.

"நானோ மிஸ்?" என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பேனையை வாங்கி, முதலெழுத்து, புள்ளி, முழுப்பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுத்து நடுங்கியது. கொம்பு நெளிந்தது. தான் எழுதியதைப் பார்த்த பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது.

"பேனை சரியில்லைப் போலை" என்றார் ஏழாம் நம்பர் சட்டென்று.

அது வெயிலிலும் தைலத்திலும் வேர்வையிலும் தேறிய பேனை. அதைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் எனக்கு அந்த மர வாங்கின் ஓரம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஊரே கிண்ணத்தைச் சுற்றி நின்றபோது அங்கே தனியே இருந்தவரிடம், அதுவரை ஒருவரும், ஒரு நாளும், கையொப்பம் கேட்டதில்லை. அவருக்கு அதுதான் முதலாவது. முன்பல் முளைத்துக்கொண்டிருந்த எனக்கும், மீசை அரும்பிய அண்ணைக்கும் அது விளங்கவில்லை. விளங்காமலே அண்ணை அன்றைக்குச் சரியானதைச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். "பேனைதான்."